24 வார்த்தைகளும் ஒரு குடும்ப குரூப்பும்

அம்மா அந்தப் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டபோது மாலை ஆறே முக்கால் இருக்கும். 2023 டிசம்பர் 20, புதன்கிழமை. சென்னையில் ஆபீஸுக்குக் கீழே டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். மூன்று நாளாகத் திருநெல்வேலி சிந்துபூந்துறை வீட்டுக்கு ஒழுங்காக ஒரு போன் போகவில்லை. முதலில் வந்து சேர்ந்தது படம்தான். வெள்ளத்தில் நனைந்ததையெல்லாம் பத்தமடைப் பாயில் பரப்பி உலர்த்தியிருந்தாள். வீட்டு வரி ரசீதுகள், அப்பாவின் இறப்புச் சான்றிதழ், என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், நடுவில் என் கையெழுத்தில் ஒரு காகிதம். அடுத்த படத்தில் அந்தக் காகிதம் மட்டும், நன்றாகக் கிட்டத்தில் வைத்து எடுத்தது. ஒன்று முதல் 24 வரை எண் போட்டு எண்ணுக்கு ஒன்றாக இங்கிலீஷ் வார்த்தைகள். கீழே வாய்ஸ் மெசேஜ்: “ஏய்யா, பீரோ அடித்தட்டுல இது நனைஞ்சு கெடந்துது. உன் எழுத்துதான. வேணுமா, தூரப் போட்ருதேனா?”

குரூப்பில் 43 பேர். பெரிய மாமா உடனே எழுதினார்: “என்ன மருமவனே, ஸ்பெல்லிங் டெஸ்டா?” அதற்கு நாலு பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள்.

கிரிப்டோ பக்கம் தலைவைத்துப் படுத்தவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டாம், இந்நேரம் வயிற்றைக் கலக்கியிருக்கும். மற்றவர்களுக்கு இவ்வளவு போதும்: என்னிடம் இருந்த பிட்காயின் அத்தனைக்கும் சாவி அந்த 24 வார்த்தைகள். அந்தச் சாவியை உள்ளே வைத்திருக்கும் ஹார்டுவேர் வாலட் என்கிற சின்னப் பெட்டி என் பையில், சென்னையில், பின் நம்பர் போட்டுப் பத்திரமாகத்தான் இருந்தது. பெட்டி இல்லாமலே, பின் தெரியாமலே, அந்தப் படத்தைப் பார்த்து யார் வேண்டுமானாலும் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு போகலாம். புகார் கொடுக்க பேங்க் மேனேஜர் கிடையாது.

இரண்டு வருஷம் கழித்தும் இது எனக்குள் அடங்கவில்லை. பணம் போனதா இல்லையா என்பதற்காக இல்லை (போகவில்லை). அன்றைக்கு நான் நினைத்த சில நினைப்புகளுக்காக.

காகிதம் நெல்லைக்குப் போன கதை

2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற, காயின் வாங்கி விற்கும் எக்சேஞ்ச் கவிழ்ந்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. எக்சேஞ்சில் காயின் வைத்திருப்பது என்பது அடுத்தவர் வீட்டு அலமாரியில் நகை வைத்திருப்பது மாதிரி. அவர் சாவியைத் தொலைத்தாலோ நகையை அடகு வைத்தாலோ நமக்குக் கடைசியில்தான் தெரியும். அடுத்த வருஷ ஆரம்பத்தில் ஒரு ஹார்டுவேர் வாலட் வாங்கினேன். ஆன்லைன் சந்தையில் மலிவாகக் கிடைத்ததை விட்டுவிட்டு, தயாரித்த கம்பெனியிடமே நேரடியாக ஆர்டர் செய்தேன். இடையில் வேறு கை பட்டிருக்கக்கூடாது என்பது முதல் பாடம். 2020-இல், இந்த மாதிரிப் பெட்டிகள் தயாரிக்கும் லெட்ஜர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் முகவரிகள் திருடு போய் இணையத்தில் கொட்டின. மறுவருஷம் அந்த முகவரிகள் சிலவற்றுக்கு, உள்ளே கைவைத்த போலிப் பெட்டிகளே பார்சலில் வந்தன. அப்புறம் இன்னொன்று: வார்த்தைகளை அந்தப் பெட்டிதான் நம் கண்ணெதிரே, அதன் சின்னத் திரையில் உருவாக்கித் தர வேண்டும். ஏற்கெனவே வார்த்தைகள் அச்சடித்த அட்டை கூடவே வந்தால் அது நமக்கு முன்பே வேறு ஒருவருடைய வாலட்.

அன்று ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு, திரையில் ஒவ்வொன்றாக வந்த வார்த்தைகளை எழுதினேன். இந்த வார்த்தைகள் 2048 கொண்ட ஒரு பொதுப் பட்டியலிலிருந்து வருபவை. பிப் 39 என்பது அந்த முறையின் பெயர், 2013-இல் எழுதப்பட்டது. பட்டியலின் முதல் வார்த்தை ‘அபேண்டன்’, கைவிடு. கடைசி வார்த்தை ‘ஜூ’. கைவிடலில் ஆரம்பித்து மிருகக்காட்சிசாலையில் முடிகிற ஒரு பட்டியலை நம்பி என் சேமிப்பு இருக்கிறதே என்று அன்றைக்குச் சிரித்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. எழுதியது ஜெல் பேனாவில். இதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியும் வார்த்தைகளும் ஒரே இடத்தில் இருக்கக்கூடாது என்பது இன்னொரு பாடம். சென்னையில் நான் இருக்கும் இடத்தில் அரை மணி நேர மழைக்கே படகு விடலாம். அதனால் காகிதம் ஊருக்குப் போனது. 92 வெள்ளத்துக்குப் பிறகு அப்பா வீட்டு நடையை மூன்று படி உயர்த்திக் கட்டியிருந்தார், இனி தாமிரபரணி உள்ளே வராது என்பது எங்கள் வீட்டில் வேதவாக்கு. பொங்கலுக்குப் போனபோது பத்திரப் பையைத் திறந்து, தாள்களுக்கு நடுவில் அதைச் செருகிவிட்டு வந்தேன். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ‘யாரிடமும் சொல்லாதே’ என்றுதான் எல்லோரும் எழுதியிருந்தார்கள். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியபோது, முழங்கால் தண்ணீரில் நின்றபடி, காகிதத்தை ஊரில் வைத்த என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். சரியாகப் பதிமூன்று நாள்.

17, 18 தேதிகளில் நடந்ததை நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சிக்கிக்கொண்ட பயணிகள். ஜங்ஷனில் பஸ் நின்ற இடத்தில் ஆறு. ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே பக்கத்து வீட்டுப் பையன்கள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் பாளையங்கோட்டையில் சித்தி வீட்டில் விட்டுவிட்டார்கள். எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் இடுப்பளவு.

ஆறே முக்காலிலிருந்து பத்தரை வரை

முதலில் அம்மாவுக்குப் போன் போட்டேன். “அந்தப் படத்த டெலீட் பண்ணும்மா, உடனே.” படத்தை அமுக்கிப் பிடித்தால் மேலே குப்பைத்தொட்டி வரும் என்று சொல்லிக்கொடுத்தேன். “பண்ணிட்டேன், போயிட்டு” என்றாள். என் போனில் அப்படியே இருந்தது. தனக்கு மட்டும் அழித்திருக்கிறாள். இனி அவள் போனில் படமும் இல்லை, எல்லோருக்கும் அழிக்கும் வழியும் இல்லை. பாக்கி 42 போன்களில் பத்திரமாக இருக்கிறது. அதில் பாதிப் போன்களில் வாட்ஸ்அப் படம் தானாக கேலரிக்குப் போகும், கேலரியிலிருந்து கூகுளுக்கும் போகும்.

அடுத்த ஒரு மணி நேரம் நான் செய்த காரியம்தான் எனக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது. உறுப்பினர் பட்டியலைத் திறந்து ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன். யாருக்கு இது என்னவென்று தெரியும்? யாருக்குக் கடன் இருக்கிறது? யார் போனைப் பிள்ளைகள் நோண்டுவார்கள்? என்னைத் தூக்கி வளர்த்த பெரியம்மா, அப்பா காரியத்துக்கு ராத்திரியோடு ராத்திரியாக வந்து நின்ற மச்சான்கள், வெள்ளத்துக்குள் அம்மாவுக்கு இடம் கொடுத்த சித்தி என்று அத்தனை பேரையும் திருடராக நிறுத்தி வைத்துப் பார்த்தேன். கடைசியில் ஒருவன்மேல் கண் நின்றது. மாமா மகன், பெங்களூரில் இருக்கிறான், கிரிப்டோவில் என்னைவிட ஆழமாக இறங்கியவன். அவன் பெயரைத் திறந்தால் ஆன்லைன் என்று காட்டியது. ஒன்றும் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை?

சரி, காயினை இடம் மாற்றுவதுதான் ஒரே வழி. ரூமுக்கு ஓடினேன். என் திட்டம் இது: பெட்டியை ரீசெட் செய்து, அதாவது உள்ளே இருக்கும் சாவியை அழித்து, புதிதாக 24 வார்த்தைகள் உருவாக்கி, காயின் வந்து சேர வேண்டிய அதன் முகவரியைக் குறித்துக்கொண்டு, மறுபடி ரீசெட் செய்து பழைய வார்த்தைகளை ஏற்றி, பழையதிலிருந்து புதியதற்கு அனுப்புவது. ஒரே பெட்டி வைத்திருப்பவர்கள் செய்யக்கூடிய நல்ல வழிதான். ரீசெட்டை உறுதிசெய்யும் திரை வரைக்கும் போய்விட்டேன். விரல் பட்டனில் இருக்கிறது. அப்போதுதான் உறைத்தது: பழைய வார்த்தைகளை எதைப் பார்த்து ஏற்றப்போகிறேன்? பிரதி அந்த ஒரு காகிதம்தான். என் கையில் இருப்பது அதன் படம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஜெல் மை கரைந்து 17-ஆவது வார்த்தை நீலத் திட்டாகக் கிடந்தது. 23-ஆவதில் முதல் எழுத்து மட்டும் தெரிந்தது.

விரலை எடுத்தேன். அழுத்தியிருந்தால் அம்மாவோ உறவுக்காரரோ திருடரோ தேவையில்லை, நானே என் காசை ஆற்றில் விட்டிருப்பேன். அல்லது கரைந்த வார்த்தைகளைத் தேடி ராப்பகலாக உட்கார்ந்திருப்பேன். இரண்டு வார்த்தைதான் இல்லை, படம் கிடைத்தவனுக்கும் அது உதவாதே என்று ஒரு கணம் ஆறுதலாகக்கூட இருந்தது. கணக்குப் போட்டதும் அதுவும் போயிற்று. தெரிந்த அந்த ஒரு எழுத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால்கூட, 2048-ஐ 2048-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 42 லட்சம். 24 வார்த்தைகளும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று சரிபார்க்கிற ஒரு கணக்கு அவற்றுக்குள்ளேயே இருக்கிறது, 256-இல் ஒன்றுதான் அதில் தேறும். ஆக மிஞ்சுவது பதினாறாயிரத்துச் சொச்சம். கம்ப்யூட்டருக்கு அது ஒரு டீ குடிக்கும் நேரம். ஒரே ஒரு வார்த்தை மட்டும் அழிந்திருந்தால் மிஞ்சுவது சுமார் எட்டு, கையாலேயே ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்துவிடலாம்.

கடைசியில் போனில் ஒரு சாதாரண வாலட் ஆப் இறக்கி, அதில் வந்த 12 வார்த்தைகளை எழுதிக்கொண்டு, பெட்டியைத் தொடாமல் அப்படியே வைத்து, எல்லாவற்றையும் அந்த ஆப்புக்கு அனுப்பினேன். ஒரு ராத்திரிக்குத் திண்ணையில் படுப்பது மாதிரி. ஆப்பில் வந்த முகவரியைக் காப்பி செய்து அனுப்பும்போது, கை நடுங்கினாலும், பெட்டியின் திரையில் தெரிந்த முகவரியை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டேன். காப்பி செய்த முகவரியைத் தன் முகவரியாக மாற்றி ஒட்டுகிற வைரஸ்கள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கலாம். கம்ப்யூட்டர் திரை பொய் சொல்லும், பெட்டியின் திரை சொல்லாது. அந்தப் பெட்டிக்கு நாம் கொடுக்கும் காசே அந்தச் சின்னத் திரைக்குத்தான் என்பேன். அந்த வாரம் பார்த்து பிட்காயின் அனுப்பும் கட்டணம் ஆகாயத்தில் இருந்தது. யோசிக்காமல் அதிகக் கட்டணத்தையே போட்டேன். பத்து நிமிஷத்தில் ஏற வேண்டியது இருபத்தைந்து நிமிஷம் எடுத்தது. அந்த இருபத்தைந்து நிமிஷத்தில்தான் போன் அடித்தது. மாமா மகன்.

“அத்தான், படத்த நான் அட்மின்ல இருந்து எல்லாருக்கும் அழிச்சிட்டேன். மீட்டிங்ல இருந்தேன், இப்பதான் வெளிய வந்தேன். ஆனா அத நம்பாதீய, எத்தன போன்ல இறங்கிருக்கும்னு தெரியாது. மொதல்ல காச மாத்துங்க. கட்டணம் பாத்துக் கஞ்சத்தனம் பண்ணாதீய.”

“மாத்திக்கிட்டிருக்கேன், மாப்ள” என்றேன். வேறெதுவும் சொல்ல வரவில்லை. நான் அவனை என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்று இதுவரை அவனிடம் சொன்னதில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

பணம் ஏறியது உறுதியானதும் பெட்டியை ரீசெட் செய்து, புது வார்த்தைகள் எழுதி, முதலில் ஒரு சின்னத் தொகை, அப்புறம் பாக்கி என்று திருப்பி அனுப்பினேன். எல்லாம் முடியப் பத்தரை.

உளுந்துப் பானை

கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்குப் போனேன். சுவரில் இடுப்பளவில் ஒரு பழுப்புக் கோடு, கீழே எங்கு தொட்டாலும் வண்டல். அம்மாவிடம் கோபப்படத்தான் போனேன் என்று ஒப்புக்கொள்கிறேன். எதற்காகக் கோபப்படுவது? இடுப்பளவு தண்ணீர் வடிந்த வீட்டில், 64 வயதில், ஒவ்வொரு தாளாகப் பிரித்து ஒட்டாமல் உலர்த்தியிருக்கிறாள். தூர எறியும்முன் கேட்டிருக்கிறாள். கேட்காமல் எறிந்திருந்தால்?

“அப்படி என்னய்யா ரகசியம் அது?” என்றாள். வீட்டுப் பத்திரம் மாதிரி என்று ஆரம்பித்தேன், சரிப்படவில்லை. பத்திரம் தொலைந்தால் நகல் வாங்கலாம். பேங்க் கணக்குக்கு, எல்.ஐ.சி.க்கு, அப்பா போஸ்ட் ஆபீசில் போட்டிருந்ததற்கு எல்லாம் நாமினி உண்டு. அப்பா போனபோது நாமினி இருந்துமே எத்தனை நடை நடந்தாள் என்று அவளுக்குத் தெரியும். இதற்கு நாமினி கிடையாது, இந்த 24 வார்த்தை கையில் இருப்பவருக்குச் சொந்தம் என்றேன்.

கொஞ்ச நேரம் வண்டலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அப்புறம் சொன்னாள், ஆச்சி தன் அட்டிகையை உளுந்துப் பானைக்குள் போட்டு வைத்திருந்தாளாம். தாத்தாவுக்குத் தெரியாது, பெற்ற பிள்ளைகளுக்குத் தெரியாது. அம்மா கல்யாணமாகி வந்த மறுவாரம் அடுப்படிக்குக் கூப்பிட்டு, பானையைக் காட்டி, இதில் உளுந்து எடுக்கும்போது அடிவரைக்கும் கையை விடாதே என்று மட்டும் சொன்னாளாம். “வந்து ஒரு வாரங்கூட ஆகல. என்னைய நம்பிச் சொன்னா. ஒருத்திக்காவது தெரிஞ்சிருக்கணும்லா?”

ஹார்டுவேர் வாலட் பற்றி நான் படித்த அறிவுரைகள் எல்லாம் தனியாளுக்கு எழுதியவை. ஒற்றை ரூமில் பூட்டிக்கொண்டு வாழ்கிற, தான் செத்தால் கேட்க யாருமில்லாத ஒருத்தனுக்கு. ‘போட்டோ எடுக்காதே, கம்ப்யூட்டரில் டைப் செய்யாதே, யார் கேட்டாலும் கொடுக்காதே’ எல்லாம் சரிதான், நானும் ஒன்று விடாமல் கடைப்பிடித்தேன். ஆனால் என் வீட்டுப் பீரோவைத் திறக்கிற கை என்னுடையது இல்லை. அந்தக் கைக்கு எதுவும் சொல்லாமல் அங்கே ஒன்றை ஒளித்து வைத்தது என் தப்பு. வார்த்தைகளைப் படிக்கச் சொல்ல வேண்டாம். இப்படி ஒன்று இருக்கிறது, படம் எடுக்காதே, நனைந்தால் எனக்குப் போன் போடு என்று மூன்று வரி சொல்லியிருந்தால் போதும்.

துவைக்கிற கல்லில்

இந்தத் தடவை காகிதம் வேண்டாம் என்று முடிவு செய்தேன். எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது நம் ஊரில் காலங்காலமாக நடப்பதுதானே. அம்மாவின் சீர்ப் பானையில் தாத்தா பெயர் இன்னும் பளிச்சென்று இருக்கிறது, வெள்ளம் அதை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் பாத்திரக் கடையில் கொடுத்து 24 வார்த்தையை வெட்டச் சொல்ல முடியாது. டவுனில் ஒரு ஹார்டுவேர் கடையில் (ஹார்டுவேர் வாலட்டுக்கு ஹார்டுவேர் கடை, பொருத்தம்தான்) சுத்தியலால் தட்டி உலோகத்தில் எழுத்துப் பதிக்கிற லெட்டர் பஞ்ச் செட் ஒன்று வாங்கினேன். லேத் பட்டறையில் மூன்று மில்லிமீட்டர் ஸ்டீல் தகடு ஒரு துண்டு. பட்டியலில் எந்த இரண்டு வார்த்தைக்கும் முதல் நாலு எழுத்து ஒன்றாக வராது என்பதால் வார்த்தைக்கு நாலு எழுத்து அடித்தால் போதும். மொத்தம் தொண்ணூற்றாறு அடி, அதற்குள்தான்.

அம்மிக்கல்மேல் வைத்து அடிக்கப் போனபோது அம்மா விடவில்லை. கொல்லையில் துணி துவைக்கிற கல்லில் வைத்து அடித்தேன். கரண்ட் இன்னும் விட்டுவிட்டுத்தான் வந்துகொண்டிருந்தது. அவள் டார்ச் பிடித்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. “நான் பாக்கல, நீ அடி.” சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து என்ன வேலை என்றாள். “மோட்டார் மூடி சரி பண்ணுதான்” என்றாள் அம்மா, நாக்குப் பிசகாமல்.

முடித்ததும் முன்பு செய்யாத ஒன்றைச் செய்தேன். புதுக் காகிதம் பைக்குள் இருக்கும் தைரியத்தில் பெட்டியை ரீசெட் செய்து, தகட்டை மட்டும் பார்த்து வார்த்தைகளை மறுபடி ஏற்றினேன். இரண்டே பட்டன் உள்ள பெட்டியில் 24 வார்த்தை ஏற்றுவதற்குள் கண் பூத்துவிடும். ஒன்பதாவது வார்த்தையில் நின்றுவிட்டது, அப்படி ஒன்று பட்டியலிலேயே இல்லை. பார்த்தால், ‘எம்’ எழுத்தைத் தலைகீழாக அடித்து ‘டபிள்யூ’ ஆக்கியிருக்கிறேன். அதன்மேல் ஒரு குறுக்குக் கோடு அடித்து, பக்கத்தில் சரியானதை அடித்து, முதலிலிருந்து ஏற்றி, பழைய முகவரியும் பணமும் திரையில் தெரிந்த பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தேன். காகிதத்தை அம்மாவே அடுப்பில் போட்டாள்.

பாஸ்ஃப்ரேஸ் என்று இன்னொரு பூட்டும் உண்டு, நாமே வைக்கிற 25-ஆவது வார்த்தை. அதை வைத்திருந்தால் அன்று படம் போனதில் அவ்வளவு பதறியிருக்க வேண்டாம். வைக்கச் சொல்லி மாப்பிள்ளை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான். அதில் ஒரு எழுத்து தப்பினாலும் பெட்டி தப்பு என்று சொல்லாது, காலியான வேறொரு வாலட்டைத் திறந்து காட்டும். எனக்குப் பிறகு அம்மாவும் அவனும் அந்தக் காலி வாலட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் காட்சி எனக்குப் பிடிக்கவில்லை. இப்போதைக்கு ஏற்பாடு இப்படி: தகடு எங்கே என்று அம்மாவுக்குத் தெரியும், அதை வைத்து என்ன செய்வதென்று தெரியாது. என்ன செய்வதென்று மாப்பிள்ளைக்குத் தெரியும், எங்கே என்று தெரியாது. இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில் இருக்கிறேன். மாமா வீட்டில் கல்யாணம் வந்தால் சீர் விஷயத்தில் அது கெடவும் கெடலாம்.

2024 ஜூலையில் இந்திய எக்சேஞ்ச் ஒன்றிலிருந்து 23 கோடி டாலருக்கு மேல் களவு போன செய்தி வந்த அன்று அம்மா போன் செய்து, “நம்மளது அதுல இல்லல்லா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். அந்த டிசம்பரில் தாமிரபரணி மறுபடி ஏறியது. சாயங்காலம் மீட்டிங்கில் இருந்தபோது குடும்ப குரூப்பில் அம்மாவின் மெசேஜ் வந்து விழுந்தது. திறப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. தகடு இப்போது அங்கே இல்லை என்பதால் எழுதுகிறேன்.

“தாம்பாளம் மச்சுக்குப் போயாச்சு.”

பெரிய மாமா கேட்டார்: “எந்தத் தாம்பாளம் தங்கச்சி?”

“வெத்தலத் தாம்பாளம்” என்று பதில் போட்டிருந்தாள்.